பெட்டகத்தில் பூட்டிய பாகம்

கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி எனச் சேதுக்கரை நெடுகிலும் வாழ்ந்த மரைக்காயர்கள் முத்தும் சங்கும் துணியும் கொண்டு வாணிபம் செய்து செல்வம் குவித்தவர்கள். 1786-இல் ஆங்கிலேயர் பினாங்கைத் துறைமுகமாக்கியதும், தமிழ் முஸ்லிம் வணிகர் பலர் அங்கே கப்பலேறினர். 1801-இல் எழுந்த கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் அவர்கள் அங்கு வேரூன்றியதற்குச் சான்று. ஆண்டுக்கணக்கில் தங்கியோர் சிலர் அந்நாட்டிலும் நிக்காஹ் செய்து மக்களைப் பெற்றனர். இவ்வழி வந்தோர் ஜாவி பெரானக்கான் எனப்பட்டனர்; 1876-இல் சிங்கப்பூரில் அப்பெயரிலேயே ஒரு மலாய்ப் பத்திரிகையும் வெளிவந்தது.

அக்கரையில் ஊரறிந்த இவ்வுறவு, இக்கரை மாளிகைகள் சிலவற்றில் வாய்திறவா இரகசியமாயிற்று. ஆயினும் எழுத்தறிந்த வீட்டில் இரகசியம் எத்தனை நாள் நிலைக்கும்? குமர்ப் பெண்கள் வீட்டிலிருந்தே கற்ற அரபுத் தமிழில்தான் கடிதங்களும் எழுதப்பட்டன. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்கள் மார்க்கச் சட்டங்களை விளக்கிய 'மகானி' நூலும் அவ்வெழுத்திலேயே அமைந்தது. வாப்பாவின் கடிதத்தையும் மார்க்கச் சட்டத்தையும் ஒரே எழுத்தில் வாசிக்கவல்ல சகோதரியர் வினா எழுப்பினால், அதை அடக்கமின்மை என்பது முறையா?

ஹிஜ்ரி 3-இல் (கி.பி. 625) உஹதுப் போரில் ஸஅது இப்னு ரபீஉ (ரலி) ஷஹீதானார்கள். அவர்களுடைய சகோதரர் சொத்து முழுவதையும் எடுத்துக்கொண்டார். விதவைத் தாய் தம் இரு பெண்மக்களையும் அழைத்து வந்து, பெருமானார் (ஸல்) அவர்களிடம் முறையிட்டார். 'குடும்ப விஷயம்' என்று அவர்கள் திருப்பி அனுப்பப்படவில்லை. பாகப்பிரிவினை வசனம் இறங்கியது. பெண்மக்களுக்கு மூன்றில் இரண்டு, தாய்க்கு எட்டில் ஒன்று, எஞ்சியதே சிறிய தந்தைக்கு எனத் தீர்ப்பாயிற்று. இதை ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார்கள்.

இச்சட்டத்தைக் கடல் கடந்த குடும்பத்துக்குப் பொருத்திப் பாருங்கள். ஆண்மக்கள் இல்லாத ஒருவருக்குக் கீழக்கரையில் இரு பெண்மக்களும் பினாங்கில் ஒரு பெண்ணும் இருந்தால், கடனும் வஸிய்யத்தும் நீங்கிய சொத்தில் மூவருமே மூன்றில் இரண்டைச் சமமாகப் பகிர்வர். ஒருவருக்கு ஒன்பதில் இரண்டு. மனைவியர் இருவரும் எட்டில் ஒன்றைப் பகிர்வர். அக்கரை மகளை மறைப்பவர், அவளுடைய ஒன்பதில் இரண்டையும் மறைக்கிறார்.

வாப்பாவின் பெயருக்கு இழுக்கு வருமே என அஞ்சுவோர் உண்டு. மரித்தவர் தம் பெயரைக் காக்கக் கேட்கமாட்டார். அவர் விட்டுச்சென்ற கடமையோ நிலுவையில் நிற்கிறது. பெட்டகத்தைத் திறந்த பெண்மக்களை அதட்டாதீர்கள். அவர்கள் கையிலுள்ள கடிதத்தை வாங்கி, ஓர் ஆலிமை அழைத்து, பாகத்தைக் கணக்கிடுங்கள். குடும்பத்தின் கண்ணியம் அக்கணக்கில்தான் இருக்கிறது.