வெயிலில் இறுகும் பிசின்

1820களில் பிரான்சின் நியெப்ஸ், லாவெண்டர் எண்ணெயில் கரைத்த நிலக்கீலை உலோகத் தகட்டில் பூசி வெயிலில் காட்டினார். ஒளி பட்ட இடம் இறுகியது. படாத இடம் கழுவியதும் கரைந்தது. ஒளிப்படக் கலையின் தொடக்கமாக நாம் நினைவுகூரும் இவ்வுண்மை, பின்னாளில் அலைச்சறுக்குப் பலகைக்கும் வந்து சேர்ந்தது.

1940களின் பிற்பகுதியில் கலிபோர்னியாவில் பலகைகள் மீது கண்ணாடியிழைத் துணியும் பிசினும் ஏறின. வினையூக்கி கலந்த பாலியெஸ்டர் பிசினோ சில நிமிடங்களில் இறுகத் தொடங்கிவிடும். வீட்டுக் கொட்டகையில் முதல் பலகை செய்பவரின் கை அதற்குள் பழகுமா? ஒளியுணர் பொருள் கலந்த பிசின் அந்த அவசரத்தைத் தீர்த்தது. நிழலில் நிதானமாகத் துணியை நீவி, குமிழிகளை நீக்கி, பிறகு வெயிலுக்கு எடுத்துச் சென்றால் போதும். புற ஊதாக் கதிர் இறுக்கிவிடும். கைப்பழக்கம் இல்லாதவருக்குக் கிடைத்த பெருஞ்சலுகை என்போம். அடர்வண்ணம் விரும்புவோர் மட்டும் பழைய வினையூக்கியையே நாடுகின்றனர்: நிறமி கதிரை மறிக்க, அடிப்பிசின் இறுகாமலே கிடந்துவிடும்.