கிழங்கும் உழைப்பும்: அருமனை வட்டாரத்தில் இரண்டாம் வகை நீரிழிவுத் தடுப்பு

முன்னோர் உண்டதை உண்டால் சர்க்கரை நோய் அண்டாது என்ற பேச்சு குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதிக்குப் பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் வாதம். அருமனையைச் சுற்றிய விளவங்கோடு மண்ணில் முன்னோர் உணவு என்பது பெரும்பாலும் மரச்சீனி என்னும் மரவள்ளிக் கிழங்கும் சம்பா அரிசிக் கஞ்சியும்தான். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மரச்சீனிச் சாகுபடியை ஊக்குவித்தார். 1942இல் பர்மா அரிசி வரத்து நின்றபோது அந்தக் கிழங்கே பஞ்சத்தைத் தாங்கியது. அந்த நன்றியை மறக்க வேண்டியதில்லை. ஆனால் 100 கிராம் பச்சைக் கிழங்கில் மாவுச்சத்து ஏறத்தாழ 38 கிராம். புரதமோ ஒன்றரை கிராம்கூட இல்லை. இத்தனை மாவுச்சத்தையும் எரித்துத் தீர்த்தது கிழங்கின் குணமல்ல, மலைச்சரிவில் செய்த வேலை. வேலை செய்யும் தசை, இன்சுலினின் உதவியை எதிர்பாராமலே இரத்தத்திலிருந்து குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். வெயிலேறுமுன் முந்நூறு ரப்பர் மரங்களுக்கு மேல் நடந்து பால்வெட்டும் ஒருவருக்குக் கிழங்கு எரிபொருள். கடையிலோ வண்டியிலோ உட்கார்ந்தே நாளைக் கழிக்கும் அவருடைய மகனுக்கு அதே அளவுக் கிழங்கு சுமை. உழைப்பு குறைந்த வீட்டிலும் உணவின் அளவும் சேர்க்கையும் பழையபடியே நிற்கின்றன. போதாததற்குப் பரோட்டாவும் சீனி போட்ட சாயாவும் சேர்ந்துவிட்டன.

வாழ்க்கைமுறை மாற்றத்தால் நோயைத் தடுக்க முடியும் என்பதற்குச் சான்று குறைவில்லை. சீனாவின் தாச்சிங் நகரில் 1986இல் தொடங்கிய ஆய்வு முதல் பின்லாந்தின் 2001 ஆய்வு, அமெரிக்காவின் 2002 ஆய்வு வரை எல்லாமே அதைக் காட்டின. பின்னிரண்டும் நோய் வருவதை 58 சதவீதம் குறைத்தன. ஆயினும் நமக்கு நெருக்கமான சான்று, அ. ராமச்சந்திரன் குழுவினர் சென்னையிலிருந்து நடத்தி 2006இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வே. முன்நீரிழிவு நிலையில் இருந்த 531 பேரில், வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் மூன்றாண்டுகளில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. உணவும் உடற்பயிற்சியும் மாற்றியவர்களில் அது 39.3 சதவீதம். மெட்ஃபார்மின் மாத்திரை தந்ததும் ஏறக்குறைய அதே பலன்தான். இரண்டையும் சேர்த்ததால் கூடுதல் நன்மை இல்லை. இவற்றைவிட முக்கியமான செய்தி ஒன்று அந்த ஆய்வில் உண்டு. உடல் எடை குறிப்பிடும்படி குறையாமலே நோய் குறைந்தது. பார்வைக்கு ஒல்லியாக, வயிற்றில் மட்டும் கொழுப்புச் சேர்ந்திருக்கும் நம் உடல்வாகுக்கு எடையைவிடத் தட்டில் உள்ள விகிதமும் தசையின் இயக்கமும் பெரியவை என்று நான் இதிலிருந்து கொள்கிறேன்.

வலுவான மறுப்பு அருமனைக்கு மிக அருகிலிருந்தே வருகிறது. எல்லைக்கு அப்பால் நெய்யாற்றின்கரை வட்டத்தில், 60 வாக்குச்சாவடிப் பகுதிகளில் 1,007 பேரைக் கொண்டு நடந்த கேரள நீரிழிவுத் தடுப்புத் திட்டத்தின் முடிவு 2018இல் வெளியானது. பயிற்சி பெற்ற ஊர்க்காரர்களே குழுக்களை நடத்தினார்கள். இரண்டாண்டு முடிவில் குழுவில் இருந்தோரில் 14.9 சதவீதம் பேருக்கும், கையேடு மட்டும் பெற்றோரில் 17.1 சதவீதம் பேருக்கும் நோய் வந்திருந்தது. புள்ளியியல்படி இது உறுதியான வேறுபாடல்ல. அதே மொழிக்கலப்பும் அதே கிழங்கும் மீனும் உள்ள நிலம் என்பதால் இதை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அங்கே ஆட்களைத் தேர்ந்தது வயது, இடுப்புச் சுற்றளவு, குடும்ப வரலாறு, உடலுழைப்பு ஆகியவற்றுக்கான மதிப்பெண்ணால். முன்நீரிழிவு இல்லாதவர்களும் அதில் சேர்ந்திருந்தார்கள். சென்னை ஆய்விலோ எல்லாரும் நோயின் வாசலில் நின்றவர்கள். மேலும், குழுவில் இருந்தோர் காய்கனி கூடுதலாக உண்டார்கள், மதுவைக் குறைத்தார்கள். பழக்கம் மாறக்கூடியதே, யாரிடம், எவ்வளவு அழுத்தமாக முயல்வது என்பதே கேள்வி.

புரதம் உண்ண ஏழைக்கு வழி ஏது என்பது அடுத்த மறுப்பு. நியாயமான மறுப்பு. தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் நியாயவிலைக் கடையில் அரிசி இலவசம். துவரம்பருப்போ குடும்பத்துக்கு மாதம் ஒரு கிலோ. இந்த விகிதம் வீட்டுத் தட்டிலும் அப்படியே படிகிறது. பருப்பின் அளவைக் கூட்டுவது மருத்துவச் செலவைவிட மலிவானது என்று அரசிடம் வாதிட வேண்டும். அதுவரை கைக்கெட்டுவது குளச்சலிலிருந்தும் தேங்காய்ப்பட்டணத்திலிருந்தும் வரும் சாளையும் நெத்தோலியும். கிழங்கு நிறைய, மீன்குழம்பு தொட்டுக்கொள்ள என்ற வழக்கத்தைத் திருப்பி, மீனும் பயறும் கீரையும் முதலில், கிழங்கு கைப்பிடியளவு என்று மாற்றினால் சுவையை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. கஞ்சியும் சிறுபயறும் என்ற நல்ல சேர்க்கையிலும் பயறுதான் கூட வேண்டும். மரச்சீனியே நீரிழிவை உண்டாக்குகிறது என்ற அச்சமும் இவ்வட்டாரத்தில் பழையது. அது கணையத்தில் கல் உண்டாகி வரும் வேறொரு நீரிழிவைப் பற்றிய, நிறுவப்படாத கருதுகோள். இங்கே அதைக் குழப்பிக்கொள்ளலாகாது.

பரம்பரை நோய்க்கு நடையால் என்ன பயன் என்று கேட்போருக்குச் சென்னை ஆய்வே விடை. அங்கே பயன் பெற்றவர்களும் இதே பரம்பரையினர்தான்.

இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவும் 13.6 கோடிப் பேருக்கு முன்நீரிழிவும் இருப்பதாக 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு மதிப்பிட்டது. தமிழ்நாடு அரசு 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், நோய் வந்தவர் வீட்டுக்கு மாத்திரையைச் சேர்க்கும் நல்ல திட்டம். வரவிருப்பவரைத் தேடுவது அடுத்த படி. அவர்களை எங்கே தேடுவது என்று திகைக்க வேண்டாம். கர்ப்பிணிகள் அனைவருக்கும் சர்க்கரைச் சோதனை செய்ய வேண்டும் என்று தமிழ்நாடு 2007இலேயே ஆணையிட்டது. பேறுகாலத்தில் சர்க்கரை ஏறி, பிறகு தணிந்த பெண்களுக்குப் பின்னாளில் நோய் வரும் வாய்ப்பு மற்றவரைவிடப் பல மடங்கு. வீட்டு அடுப்பும் பெரும்பாலும் அவர்கள் கையில்தான். ஆரம்ப சுகாதார நிலையத்தின் பேறுகாலப் பதிவேட்டில் இருக்கும் அந்தப் பெயர்களிலிருந்து அருமனையில் வேலையைத் தொடங்கலாம்.