நோன்புக்காக நான் நிறுத்திய குளிசை

சில வருடங்களுக்கு முன் ரமழான் பிறந்ததும், நான் குடித்துவந்த மனச்சோர்வுக்கான மருந்தை யாரிடமும் கேட்காமல் நிறுத்தினேன். செர்ட்ரலின் 50 மில்லிகிராம், நாளுக்கு ஒன்று, ஒரு வருடத்துக்கும் மேலாக. நோன்பு பிடித்தால் மனம் தெளியும், இனிக் குளிசை எதற்கு என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் தராவீஹில் ஸுஜூதிலிருந்து எழும்போது தலை சுற்றியது. கண்ணைத் திருப்பினால் தலைக்குள் கரண்ட் அடித்ததுபோல் இருந்தது. குமட்டல், பயங்கரக் கனவுகள், காரணமில்லாத அழுகை. பிள்ளைகள் மீது எரிந்து விழுந்தேன். நோன்புக் களைப்பு என்றார் உம்மா. பழைய நோய் திரும்பிவிட்டதென்று நான் பயந்தேன்.

வைத்தியர் கேட்ட முதல் கேள்வி: "கடைசியாக எப்போது குளிசை குடித்தீர்கள்?"

அவர் விளக்கியது இதுதான். இம்மருந்துகள் மூளையில் செரட்டோனின் போன்ற இரசாயனங்களின் செயற்பாட்டை மாற்றுகின்றன. மாதக்கணக்கில் மூளை அதற்குப் பழகிவிடுகிறது. திடீரென நிறுத்தினால் மீண்டும் பழக அதற்கு அவகாசம் கிடைப்பதில்லை. இது போதைக்கு அடிமையாவதல்ல. ஈமானின் பலவீனமும் அல்ல.

நிறுத்திய சில நாட்களிலேயே தொடங்கி, தலைச்சுற்று, மின்னதிர்வு போன்ற உணர்வுகளோடு வந்தால் அது பெரும்பாலும் மருந்தை விட்டதன் விளைவு. நோய் திரும்புவதானால் பொதுவாக வாரங்கள், மாதங்கள் கழித்து மெதுவாக வரும். பரொக்செட்டின், வென்லாஃபக்சின் போன்றவை உடலிலிருந்து விரைவில் வெளியேறுவதால் அவற்றை நிறுத்தும்போது சிரமம் அதிகம். ஃப்ளூவொக்செட்டின் நீண்ட நாட்கள் தங்குவதால் விளைவுகள் பிந்தி வரலாம்.

வைத்தியர் மருந்தை மீண்டும் தொடங்கினார். சில நாட்களில் தலைச்சுற்று அடங்கியது. நாளுக்கு ஒரு முறை குடிக்கும் மருந்தாகையால் இஃப்தாருக்குப் பின் குடித்து நோன்பைத் தொடரலாம் என்றார். நோன்புக்காக மருந்தை விடத் தேவையே இருக்கவில்லை. நோன்பு நோற்க முடியாத நோயாளிக்குப் பிறகு கழாச் செய்யும் சலுகையை மார்க்கமே தந்திருக்கிறது.

பின்னர் அவரது மேற்பார்வையில் மாதக்கணக்கில் அளவைக் குறைத்தே மருந்தை விட்டேன். கடைசிச் சிறு அளவுகளைத்தான் மிக மெதுவாகக் குறைக்க வேண்டியிருந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் குடிப்பதும் சரியான வழியல்ல. மருந்தின் அளவு உடலில் ஏறி இறங்கி அதே தொல்லையைத் தரும்.

மருந்து முடியுமுன் கிளினிக் திகதியைப் பாருங்கள். பயணம் போகும்போது போதிய குளிசைகளை எடுத்துச் செல்லுங்கள். ஏற்கெனவே நிறுத்திவிட்டுச் சிரமப்படுகிறீர்களா? வெட்கப்படாமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் காத்திருக்க வேண்டாம். உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள், அல்லது தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்தை அழையுங்கள்.

வீட்டில் ஒருவர் இம்மருந்தைக் குடித்தால், "இன்னுமா இதைக் குடிக்கிறாய்?" என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்குக் கூச்சப்பட்டுத்தான் நானும் நிறுத்தினேன்.