வந்து சேர்ந்த ஆட்டக்காரர்கள்

போன சந்திப்பின்போது மதியச் சாப்பாட்டு வரிசையில் ஒரு சீனியர் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏம்ப்பா, நீ பாஸ்கெட்பால் டீம்ல இருந்தவன்தானே? ஒண்ணு சொல்லு. டீம்ல நம்ம பசங்க எத்தனை பேரு? எல்லாம் வெளியிலேருந்து பிடிச்சிக்கிட்டு வந்த ஆளுங்க. இதுல ஜெயிச்சா நமக்கு என்ன பெருமை?" என்றார். அப்பளத்தை வைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியவில்லை. மலர்க் குழு நண்பர்கள் இந்த முறை கட்டுரை கேட்டபோது, அந்தக் கேள்விக்கே பதில் எழுதிவிடலாம் என்று தோன்றியது. கேள்வி சின்னதுதான். ஆனால் அதற்குப் பின்னால் நூறு வருஷத்துக் கதை இருக்கிறது.

கூடைப்பந்தே வெளியிலிருந்து வந்த ஆட்டம். 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில், குளிர்காலத்தில் மாணவர்கள் கூரைக்குக் கீழே ஆட ஏதாவது வேண்டுமே என்று ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் கண்டுபிடித்தது. அந்த ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக் என்பவர்தான் 1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். அங்கே பயிற்சி பெற்று வெளியே போன பி.டி. வாத்தியார்கள் மூலமாகத்தான் ஊர் ஊராகப் பள்ளிக்கூட மைதானங்களில் இரண்டு கம்பம் நட்டு வளையம் மாட்டும் பழக்கம் பரவியது. நம் பக்கத்தில் எடுத்துக்கொண்டால், 1837-ல் தொடங்கிய சென்னைக் கிறித்துவக் கல்லூரி 1937-ல் தாம்பரத்துக்கு வந்தது. அதற்குத் தெற்கே அப்போது ஏரியும் வயலும்தான். ஜி.எஸ்.டி. ரோட்டில் பொத்தேரியைத் தேடிப் படிக்க வருவார்கள் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

அந்தக் காலத்தில் டீம் என்றால், கல்லூரியில் சேர்ந்தவர்களில் ஆடத் தெரிந்தவர்கள், அவ்வளவே. அட்மிஷன் முதலில், ஆட்டம் பிறகு. இது எப்போது தலைகீழானது? ஒரு கோப்பையைச் சொல்லவேண்டும். 1925-ல் ஏற்பட்ட பல்கலைக்கழகங்களின் வாரியம் (1973-லிருந்து இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம்) பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளை நடத்தி வந்தது. அந்தப் போட்டிகளில் மொத்தமாக முதலிடம் பெறும் பல்கலைக்கழகத்துக்கு 1956-57-ல் மௌலானா அபுல் கலாம் ஆசாத் கோப்பை என்று ஒன்று ஏற்படுத்தினார்கள். ஒவ்வொரு ஆட்டத்திலும் ஜெயித்தால் புள்ளி. புள்ளிகளைக் கூட்டினால் கோப்பை. கோப்பை பெரும்பாலும் பஞ்சாப் பக்கத்துப் பல்கலைக்கழகங்களுக்கே போனது. புள்ளிக்கு மதிப்பு வந்ததும், புள்ளி எடுத்துத் தரும் பையனுக்கும் மதிப்பு வந்துவிட்டது. ஃபீஸ் தள்ளுபடி, ஹாஸ்டல், மெஸ் என்று கொடுத்து ஆட்டக்காரர்களைத் தேடிப் பிடிக்க ஆரம்பித்தார்கள். முதலில் ஆட்டம், பிறகு அட்மிஷன்.

நம் ஊரில் ஒரு ஆட்டக்காரன் இடம் மாறுவதற்கு மூன்று வாசல்தான். பிளஸ் டூ முடித்து வருவது ஒன்று. பாலிடெக்னிக் முடித்து நேராக இரண்டாம் ஆண்டு பி.இ.யில் சேருவது இரண்டு. ஒரு இடத்தில் டிகிரி முடித்து மேல்படிப்புக்கு இன்னொரு இடம் போவது மூன்று. நடுவில் டி.சி. வாங்கிக்கொண்டு மாறுவது என்பது குதிரைக்கொம்பு.

அமெரிக்காவிலும் நெடுநாள் இப்படிக் கெடுபிடிதான். கல்லூரி மாறினால் ஒரு சீசன் ஆட முடியாது. பயிற்சி மட்டும் செய்துகொண்டு காத்திருக்கவேண்டும். 2018 அக்டோபரில் என்.சி.ஏ.ஏ. ஒரு பதிவேட்டைத் திறந்தது. கோச்சிடம் அனுமதி கேட்க வேண்டாம், 'போகிறேன்' என்று தெரிவித்தால் போதும், பெயர் ஏறிவிடும். 2021-ல், ஒரு தடவை மாறுகிறவர்கள் காத்திருக்க வேண்டாம் என்றார்கள். 2024-ல், படிப்பில் தேறியிருந்தால் எத்தனை தடவை வேண்டுமானாலும் மாறலாம் என்றாகிவிட்டது. இப்போது அங்கே சீசன் முடிந்த மறுவாரமே ஒவ்வொரு கோச்சும் நூற்றுக்கணக்கான பெயர்களை வைத்துக்கொண்டு தலையைப் பிய்த்துக்கொள்கிறார். யாரை எடுப்பது?

அந்தத் தலைவலியை ஒரு துளி நானும் பார்த்திருக்கிறேன்.

நான் மூன்றாம் ஆண்டு படித்தபோது பாலிடெக்னிக் முடித்த இரண்டு பையன்கள் டிரையல்ஸுக்கு வந்தார்கள். இருந்தது ஒரே இடம். பெஞ்சில் உட்கார்ந்திருந்த கார்டு நான். பன்னிரண்டு பேரில் பன்னிரண்டாவது ஆள் என்று சொன்னால் மிகையில்லை. ஸ்கோர் ஷீட் எழுதுவதில் மட்டும் கெட்டிக்காரன். அதனால் சார் என்னைக் கூப்பிட்டு, "ரெண்டு பேரும் ஆடின மேட்ச் ஷீட் கொண்டுவந்திருக்காங்க. நீ இன்ஜினியர் ஆகப்போறவன்தானே, டேபிள் போட்டுக் கொண்டுவா" என்றார்.

ஒருவன் தெற்கே ஒரு சின்ன ஊர்ப் பையன். ஆட்டத்துக்குச் சராசரி 24 புள்ளி. இன்னொருவன் சென்னையில் ஒரு கிளப்பில் ஆடுகிறவன், சராசரி 9. நான் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, 24-ஐ மேலே எழுதி, பெருமையாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சார் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இந்த 24 எடுக்க எத்தனை தடவை எறிஞ்சான்?"

திரும்ப ஷீட்டைப் பார்த்தேன். அதில் இல்லை! கூடைப்பந்து ஸ்கோர் ஷீட்டில் விழுந்த கூடைக்குக் கோடு உண்டு, ஃபவுலுக்குக் கட்டம் உண்டு. விழாமல் போன எறிதலுக்கு இடமே கிடையாது. ரீபவுண்ட் இல்லை, பந்தைத் தவறவிட்டது இல்லை, நல்ல பாஸ் கொடுத்தது இல்லை. இரண்டு வருஷமாக நான் எழுதி வந்த தாளில் பாதி ஆட்டம் இல்லவே இல்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

சார் டிரையல்ஸில் எல்லாவற்றையும் எண்ணச் சொன்னார். இரண்டாம் நாள் ஆட்டத்தில் தெற்கத்திப் பையன் 20 தடவை எறிந்தான். 7 விழுந்தது, அதில் இரண்டு மூன்று புள்ளி. மொத்தம் 16. சென்னைப் பையன் எறிந்தது 8, விழுந்தது 4, அதில் ஒன்று மூன்று புள்ளி. மொத்தம் 9. 16 பெரிதா, 9 பெரிதா? கணக்கு இப்படி: விழுந்த மூன்று புள்ளிக் கூடை ஒவ்வொன்றையும் ஒன்றரைக் கூடையாக எண்ணி, மொத்த எறிதலால் வகுக்கவேண்டும். முதல் பையனுக்கு 20-க்கு 8, அதாவது 40 சதவீதம். இரண்டாவது பையனுக்கு 8-க்கு நாலரை, 56 சதவீதம். டீன் ஆலிவர் என்பவர் 2004-ல் எழுதிய புத்தகத்தில் ஒரு அணியின் வெற்றிக்கு நான்கு காரணம் சொன்னார். முதல் காரணம் இந்த வீதம்தான். மற்ற மூன்று: பந்தைத் தவறவிடாமல் இருப்பது, தவறிய எறிதலை மறுபடி பிடிப்பது, ஃப்ரீ த்ரோ சம்பாதிப்பது. சார் அந்தப் புத்தகம் படித்தாரோ என்னவோ, நான்கையும் எண்ணச் சொன்னார். நான்கிலும் சென்னைப் பையனே முன்னால். சீட்டு அவனுக்குப் போனது. அவனும் நன்றாகவே ஆடினான். அதில் எனக்குக் குறையொன்றும் இல்லை.

குறை வேறு இடத்தில். அன்று சாயங்காலம் தெற்கத்திப் பையனைப் பொத்தேரி ஸ்டேஷனில் ரயில் ஏற்றிவிட நான்தான் போனேன். பெருங்களத்தூர் போய் ஊருக்கு பஸ் பிடிக்கவேண்டும் அவன். பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன், "அண்ணே, எங்க டீம்ல நான் போடலைன்னா போடுறதுக்கு ஆளே இல்லண்ணே. பாஸ் குடுத்தாப் பிடிக்க மாட்டானுங்க. அதான் எல்லாத்தையும் நானே எறிஞ்சு பழகிட்டேன். இங்க வந்தா மாத்திக்கிட்டிருப்பேன்" என்றான்.

இதைச் சாரிடம் போய்ச் சொல்லியிருக்கவேண்டும். முடிவு மாறியிருக்குமோ என்னவோ, சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. ஏன் என்று இத்தனை வருஷம் கழித்து ஒளிக்க என்ன இருக்கிறது? அவனும் கார்டு. அவன் வந்தால் பன்னிரண்டாவது ஆள் வெளியே போகவேண்டும். அந்த ஆள் நான். சென்னைப் பையன் ஃபார்வர்டு; அவனால் எனக்கு ஆபத்தில்லை.

பின்னாளில் அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களின் கணக்குகளைப் பார்க்க ஆரம்பித்தபோது, அவன் சொன்னதற்குச் சரியான உதாரணம் கிடைத்தது. ஸ்டீஃபன் கரியின் தம்பி சேத் கரி, 2008-09-ல் லிபர்டி என்ற சிறிய அணியில் முதலாண்டிலேயே சராசரி 20.2 புள்ளி எடுத்தார். பெரிய அணியான டியூக்குக்கு மாறி, விதிப்படி ஒரு வருஷம் காத்திருந்து, 2010-11-ல் ஆடியபோது சராசரி 9.0. பாதிக்கும் கீழே! நம் மாதிரி ஆட்கள் அப்போதே 'ஏமாந்துட்டோம்' என்றிருப்போம். அவர்கள் பொறுத்தார்கள். 2012-13-ல் அதே ஆள் 17.5. மாறாக டால்டன் நெக்ட் என்பவர் 2022-23-ல் நார்தர்ன் கொலராடோவில் எடுத்ததும் அதே 20.2-தான். அவர் டென்னசிக்கு மாறிய உடனே 21.7 எடுத்து, அந்த வட்டாரத்தின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். ஒரே எண், இரண்டு வேறு கதை. ஆக, புள்ளிச் சராசரி என்பது ஆளைப் பற்றி மட்டும் சொல்வதில்லை. அவனைச் சுற்றி ஆடியவர்களையும் எதிரே நின்றவர்களையும் சேர்த்தே சொல்கிறது.

ஊர் மாறினாலும் கூடவே வருவது எது? திறமையின் அச்சு. டங்கன் ராபின்சன் மிகச் சிறிய அணிகளின் பிரிவில் உள்ள வில்லியம்ஸ் கல்லூரியில் ஒரு வருஷம் ஆடிவிட்டு மிச்சிகனுக்கு மாறினார். புள்ளி குறைந்தது. ஆனால் தூரத்திலிருந்து எறியும் கை அப்படியே வந்தது. 2019-20-ல் மயாமி ஹீட் அணிக்காக ஒரே சீசனில் 270 மூன்று புள்ளிக் கூடைகள் போட்டார்.

இதையெல்லாம் தாண்டி, எந்தத் தாளிலும் இல்லாததைப் பார்க்கிறவர்களும் உண்டு. லூதியானா கூடைப்பந்து அகாடமியில் டாக்டர் எஸ். சுப்பிரமணியன் என்ற பயிற்சியாளர் இருந்தார். 2015-ல் என்.பி.ஏ. தேர்வில் 52-வது ஆளாக எடுக்கப்பட்ட சத்னாம் சிங் அந்த அகாடமிப் பையன்தான். அங்கே வளர்ந்த இன்னொருவர் அம்ரித்பால் சிங். விவசாயி மகன், கபடி ஆடிக்கொண்டிருந்தவர், பதினெட்டு வயதை ஒட்டித்தான் கூடைப்பந்தையே கையில் எடுத்தார். பிறகு இந்திய அணிக்குத் தலைமை தாங்கினார். 2017-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னி கிங்ஸில் இடம் பிடித்தார். என் டேபிளில் அவருக்கு என்ன எழுதியிருப்பேன்? பூஜ்யம்தான்.

சரி, சீனியரின் கேள்விக்கு வருகிறேன். வெளியிலிருந்து வந்தவன் ஜெயித்தால் நமக்கு என்ன பெருமை? ஐயா, 1985-ல் இங்கே கல்லூரி வந்த நாள் முதல் நாம் எல்லோருமே வெளியிலிருந்து வந்தவர்கள்தான். நம்மை மார்க் ஷீட்டைப் பார்த்து எடுத்தார்கள், அவனை ஸ்கோர் ஷீட்டைப் பார்த்து எடுக்கிறார்கள். இரண்டு தாளிலும் விழாத எறிதலுக்கு இடம் கிடையாது. அந்த ஒரு சீட்டுக்குப் பின்னால் அவனுக்கு ஒரு டிகிரி இருக்கிறது. அதற்குப் பின்னால் ஐ.ஓ.பி., ஐ.சி.எஃப்., கஸ்டம்ஸ் என்று விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலைக்கான வழி இருக்கிறது. ஒரு வீட்டின் அடுப்பு இருக்கிறது. வந்து நாலு வருஷம் நம் மெஸ்ஸில் சாப்பிட்டு, நம் அரியரை எழுதி, நம் ஜெர்சியில் வியர்த்தவன் நம்ம பையன் இல்லை என்றால் வேறு யார்?

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. உங்களில் யாராவது ஒரு நாள் இன்னொருவரைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் உட்காருவீர்கள், ஆட்டத்திலோ ஆபீஸிலோ. கணக்கைப் போடுங்கள், ஒழுங்காகப் போடுங்கள். தவறிய எறிதலையும் எண்ணுங்கள். எண்ணி முடித்ததும் அந்த ஆளிடம் ஒரு பத்து நிமிஷம் பேசுங்கள். அவன் சொன்னதை உங்கள் சௌகரியத்துக்காக முழுங்கிவிடாதீர்கள்.

பெரியகுளத்தில் கோடைதோறும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி நடக்கும். ஒரு வருஷம் லீவு போட்டுவிட்டுப் போயிருந்தேன். ஆட்டத்தைவிட கேலரியைத்தான் அதிகம் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த முகம் தென்படவில்லை. எங்கேயோ ஒரு கோர்ட்டில், பிடிக்கத் தெரிந்தவர்களுக்குப் பாஸ் கொடுத்துக்கொண்டிருப்பான் என்று நினைத்துக்கொள்கிறேன்.

அடுத்த சந்திப்பில், சாயங்காலம் கோர்ட் பக்கம் வாருங்கள். ஆடுகிறவன் எந்த ஊர் என்று கேட்போம். கேட்டுவிட்டுக் கை தட்டுவோம்.