தோய்த்தல்

தமிழ்நாட்டில் துணி துவைப்பார்கள். யாழ்ப்பாணத்தில் உடுப்புத் தோய்ப்பார்கள். வேலை ஒன்றுதான். சொற்கள் வந்த வழி வேறு.

துவைத்தலில் இருப்பது அடி. காலால் மிதிப்பதும் துவைத்தல். அம்மியில் நசுங்கும் துவையலும் அதன் உறவு. தொல்காப்பிய உரியியல் இச்சொல்லை ஓசை குறிக்கும் சொற்களின் வரிசையில் வைக்கிறது. கல்லில் ஈரத்துணி விழும் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது வியப்பளிக்காது.

தோய்தல் அமைதியான சொல். தொடுதல், படிதல், நனைதல், ஊறுதல் எல்லாம் அதற்குள் அடங்கும். வானைத் தொடும் மலை விண்தோய் மலை. குறள் 308இல் நெருப்பு உடலில் படுவதும் தோய்வுதான். உறை ஊற்றிய பால் தயிராகத் தோய்கிறது. யாழ்ப்பாணக் கிணற்றடிக் கல்லிலும் உடுப்பை அடித்துக் கும்மித்தான் எடுத்தார்கள். ஆனாலும் பெயர் என்னவோ ஊறலிலிருந்தே வந்தது.

புறநானூற்றின் 311ஆம் பாட்டில் ஒரு புலைத்தி களர் நிலத்தில் கூவல் தோண்டி நாள்தோறும் துணி வெளுக்கிறாள். களர் மண்ணின் காரம் அழுக்கை எடுக்கும். யாழ்ப்பாணத்தில் சலவைத் தொழிலாளியான கட்டாடி எடுத்துப்போன உடுப்பு வெள்ளாவியில் வெந்து வெளுத்துத் திரும்பியது. தோய்த்தல் வீட்டுப் பெண்களின் பாடு. வெளுத்தல் ஒரு சாதியின் மேல் பிறப்பால் சுமத்தப்பட்ட பாடு. 1983 இனக்கலவரத்துக்குப் பின் டென்மார்க்குக்கு அகதிகளாகப் போனவர்களோடு அந்தப் பிரிவினை போய்ச் சேரவில்லை. எந்தச் சாதியில் பிறந்தவரும் தம் உடுப்பைத் தாமே தோய்க்க வேண்டியிருந்தது. இந்த இழப்பை நான் வரவேற்கிறேன்.

கோபனேகனின் புறநகரான புரொண்பியில், 1970களின் தொடக்கத்தில் எழுந்த புரொண்பி ஸ்ட்ராண்ட் போன்ற அடுக்குமாடிகளில் கிணற்றடிக்கு ஏது இடம்? டென்மார்க்கின் இத்தகைய குடியிருப்புகளில் பொதுச் சலவை அறை ஒன்று இருக்கும். அது நிலவறையில் இருந்தால் வாஸ்கெகெல்டர் என்பார்கள். சுவரில் நாளும் நேரமும் குறித்த பலகை. குடும்பத்துக்கு ஒரு சிறு பூட்டு. வேண்டிய நேரத்தில் பூட்டை மாட்டி வைத்தால் அந்த முறை உங்களுடையது. வெயில் ஏறுவதைப் பார்த்துத் தோய்த்தவர்கள் மணிக்கூட்டைப் பார்த்துத் தோய்க்கப் பழகினார்கள். குளிர்காலத்தில் உடுப்புக் காய்வதும் அறைக்குள்தான்.

ஆனால் தண்ணீர் அவ்வளவு அந்நியமில்லை. டேனிஷில் புரொண் என்றால் கிணறு, பி என்றால் ஊர். அந்நாட்டுக் குழாய்நீர் நிலத்தடி நீரே. யாழ்ப்பாணக் குடாநாட்டைப் போலவே கோபனேகன் பகுதியின் அடியிலும் சுண்ணாம்புக்கல். அதனால் இரண்டிடத்து நிலத்தடி நீரும் கடினமானது. சவர்க்காரம் நுரைக்கச் சுணங்கியது. 2017இல்தான் புரொண்பியில் நீரின் கடினத்தன்மையைக் குறைக்கும் நிலையம் இயங்கத் தொடங்கியது.

டேனிஷில் கைக்கும் உடுப்புக்கும் ‘வாஸ்கெ’ என்ற ஒரே வினை போதும். யாழ்ப்பாணத் தமிழில் கை கழுவுவோம், சட்டி மினுக்குவோம், தலை முழுகுவோம், உடுப்புத் தோய்ப்போம். கல் போய், கிணறு போய், கையும் விலகிய பின்னும் அந்த வினை நின்றது. இயந்திரத்துக்குள் உடுப்பு ஏறி விழுவதும் ஒருவகை அடிதான். ஆனால் மூடிய கண்ணாடிக்கு இப்பால் நிற்பவர் காண்பது சவர்க்கார நீரில் ஊறும் உடுப்பை. அடிக்கும் கையையோ கல்லையோ தோய்தல் ஒருபோதும் கேட்டதில்லை. “மெஷினில உடுப்புத் தோயுது” என்று சொல்ல யாரும் புதுச்சொல் தேட வேண்டியிருக்கவில்லை.