இரு நாட்டு நேரமும் பிரட்டுத் தப்பும்

பழைய கைக்கடிகாரங்களைத் தேடிச் சேகரிக்கும் செல்வந்தர் உலகில், பிரயாணிகளுக்கென்று செய்யப்பட்ட கடிகாரங்களுக்குத் தனி மதிப்பு உண்டு. ஒரே முகப்பில் இரண்டு நாடுகளின் நேரத்தையோ, உலகின் பல நகரங்களின் நேரத்தையோ காட்டுவன அவை. லிந்துலைத் தேயிலை மலைகளிலிருந்து சரித்திரம் பேசப் புகுந்த நாம் இந்த ஆடம்பரப் பொருளை ஏன் எடுத்துக்கொண்டோம் என்று வாசகர் கேட்கலாம். அக்கடிகாரத்தைத் தேவையாக்கிய அதே வரலாறுதான் இம்மலைகளுக்கு மக்களையும் கொணர்ந்தது என்பதே நம் விடை.

முன்னாளில் ஒவ்வோர் ஊருக்கும் அவ்வூரின் சூரியனே மணி சொல்லிற்று. இருப்புப்பாதையும் தந்தியும் நீராவிக் கப்பலும் வந்தபின் வியாபாரத்துக்கு அந்த வழக்கம் இடைஞ்சலாயிற்று. 1884-இல் வாஷிங்டனில் 25 நாடுகளின் பிரதிநிதிகள் கூடிய மாநாடு, லண்டனை அடுத்த கிரீனிச்சை உலக நேரத்தின் தொடக்கமாக வகுத்தது. அடுத்த ஆண்டே கொழும்பு இருப்புப்பாதை தலவாக்கலையைக் கடந்து நானுஓயாவை எட்டியது. கோப்பி நோயில் அழிந்துகொண்டிருந்தது. அதனிடத்தில் தேயிலை படர்ந்தது. 1906-இல் இந்தியாவும் இலங்கையும் கிரீனிச்சுக்கு ஐந்தரை மணி முந்திய நேரத்தை ஏற்றன. லண்டனில் முற்பகல் பதினொன்று அடிக்கையில் லிந்துலையில் மாலை நான்கரை. பெண்கள் கூடையை இறக்கிக் கொழுந்து நிறுக்கும் வேளை. அவர்கள் முன்பு பறித்த கொழுந்தின் விலையை லண்டன் மின்சிங் வீதியின் ஏலம் தீர்மானித்துக்கொண்டிருந்தது.

இவ்வாறு ஒன்றாக்கப்பட்ட உலகைக் கையில் கட்டிக்கொள்ள முனைந்தவர்களுக்கு ஜெனீவாத் தொழிலாளி ஒருவர் வழி செய்தார். 1930-களின் தொடக்கத்தில் லூயி கொத்தியே அமைத்த பொறியில், நகரங்களின் பெயர்கள் ஒரு வளையத்திலும், இருபத்துநான்கு மணிகள் சுழலும் மற்றொரு வளையத்திலும் இருந்தன. பத்தேக் பிலிப் முதலிய கம்பனிகள் அதனைப் பொன் கூட்டில் அடைத்து விற்றன. 1950-களின் நடுவில் ரோலெக்ஸ் கம்பனி, பான் அமெரிக்கன் விமானிகளுக்காக ‘ஜி.எம்.டி. மாஸ்டர்’ என்னும் கடிகாரத்தை வெளியிட்டது. இருபத்துநான்கு மணியில் ஒருமுறை சுற்றும் நான்காவது முள்ளும், திருப்பத்தக்க வெளி வளையமும் அதன் சிறப்பு. முன்னது கனவானின் அலங்காரம். பின்னது வேலைக்காரனின் கருவியாகப் பிறந்து அலங்காரமானது. கொத்தியேயின் பொறியில் நிமிட முள் உலகம் முழுமைக்கும் ஒன்றே. ஆகவே ஐந்தரை மணிக் கணக்கில் வாழும் நம் நாடுகள் அதில் பொருந்துவதில்லை; அந்த முப்பது நிமிடத்தைப் பார்ப்பவரே மனத்தில் திருத்திக்கொள்ள வேண்டும்.

2019 நவம்பரில் ஹாங்காங் ஏலமொன்றில், நீல எனாமல் முகப்புடைய பத்தேக் பிலிப் உலக நேரக் கடிகாரம் ஒன்று ஏறக்குறைய 90 இலட்சம் அமெரிக்க டாலருக்கு விலைபோயிற்று. 2021-இல் இலங்கைத் தோட்டத் தொழிலாளிக்குச் சட்டப்படி நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி 1,000 ரூபாய்; அன்றைய மாற்று விகிதத்தில் சுமார் 5 டாலர். ஆண்டுக்கு 300 நாள் வேலை என்று கொண்டாலும், அக்கடிகாரம் ஒரு கொழுந்து பறிக்கும் பெண்ணின் 6,000 ஆண்டு உழைப்புக்குச் சமமாகிறது!

அப்பெண்ணின் பாட்டிக்கு நேரம் சொன்னது எது? விடியுமுன் லயத்து வாசலில் முழங்கிய தப்பு. அந்த ஓசை கேட்டுப் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுக்கப் பிந்தினால் அன்றைய வேலை போயிற்று. நிறுவையில் கொழுந்து குறைந்தால் ‘அரைப்பேர்’. உணவு வேளை உட்பட ஒரு நாள் வேலை ஒன்பது மணி என்று 1927-ஆம் ஆண்டின் கூலிச் சட்டம் வரையறுத்தது. அந்த ஒன்பது மணியை அளந்த கடிகாரமோ துரையிடமும் கணக்கப்பிள்ளையிடமும் இருந்தது. நேரத்தைத் தன் கையால் அளக்க இயலாதவன், தன்னிடமிருந்து எவ்வளவு எடுக்கப்பட்டது என்பதை எங்ஙனம் நிரூபிப்பான்?

நேரத்தோடு நாடும் பறிபோயிற்று. 1947-இல் தலவாக்கலைத் தொகுதி மக்கள் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளையைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். 1948-ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் ஏழு இலட்சம் மலையக மக்களை நாடற்றவராக்கியது. 1952 தேர்தலில் அவர்களுள் மிகப் பெரும்பாலோருக்கு வாக்கில்லை. 1964-இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும், 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் 1974-இல் இரு அரசுகளும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டன. தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியவர்கள் கடிகாரத்தின் முள்ளை ஒரு நிமிடமும் திருப்ப வேண்டியிருக்கவில்லை. இரு கரைகளிலும் நேரம் ஒன்றே. நேரம் மாறாத அந்தச் சிறு கடலைக் கடந்ததும் மனிதர் மட்டும் அந்நியராயினர். இங்கே ‘இந்தியாக்காரன்’, அங்கே ‘சிலோன்காரன்’. செல்வந்தர் இரண்டு நாடுகளை ஒரு கையில் கட்டிக்கொண்டு பறந்த அதே காலத்தில், அவர் பருகிய தேநீரைத் தந்தவருக்கு ஒரு நாடும் இருக்கவில்லை. எஞ்சிய நாடற்றோருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் வர 2003 ஆகிவிட்டது.

கடிகாரம் செய்த தொழிலாளியின் கைத்திறனை நாம் பழிக்கவில்லை. அந்நுட்பம் மனித குலத்தின் பெருமை. ஆனால் எதைச் சேகரித்துக் காப்பது என்பதிலும் வர்க்கம் பேசுகிறது. பழைய ரோலெக்ஸின் ஒவ்வோர் இலக்கத்துக்கும் பதிவேடு உண்டு; பிரட்டுத் தப்புகள் எத்தனை எஞ்சியுள்ளன? கம்பளைக்கு அருகே ஓல்ட் பீக்கொக் தோட்டத்துப் பழைய லயத்தில் அமைந்த தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகம் நல்லதொரு தொடக்கம். லிந்துலையின் ஆசிரியரும் மாணவரும் தம் வீட்டுப் பெட்டிகளைத் திறக்கட்டும். பாட்டனின் கடவுச்சீட்டு, மங்கிய துண்டுச்சீட்டு, செக்ரோல் தாள், கிழிந்த தப்பு ஆகியவற்றைத் திரட்டட்டும். முதியோரின் நினைவுகளை எழுதி வைக்கட்டும். ஏலத்தில் விலைபோகாத அப்பொருள்களே நம் மக்களின் காலத்துக்குச் சாட்சி.