கிணற்றில் கிடந்த வாணங்கள்

தீபாவளிக்குச் சிவகாசி வாணம் விட்டுப் பழகிய நமக்கு, அதே ஜாதி வாணம் ஒரு காலத்தில் கும்பெனிப் பட்டாளத்தைக் கதிகலங்க அடித்தது என்றால் சிரிப்புத்தான் வரும். சிரிப்பவர்கள் சிவமொக்கா வரை ஒரு நடை போய் வரலாம். அங்கே சிவப்ப நாயக்கர் அரண்மனையில் ஒரு சிறிய அரசாங்க அருங்காட்சியகம் இருக்கிறது. அந்த மாவட்டத்து நகரா என்ற ஊரில், பாழுங்கிணறு ஒன்றைத் தூர் வாரியபோது, சேற்றில் வெடிமருந்து நாற்றம் அடித்தது. 2018 ஜூலையில் தொல்லியல் துறையார் தோண்டிப் பார்த்தார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட இரும்பு வாணங்கள் குவியலாக வெளிவந்தன. ஒரு சாணுக்குச் சற்றே கூடுதலான, துருவேறிய குழாய்கள். பார்வைக்கு ஒன்றுமில்லை. ஆனால் இன்று விண்ணில் பாயும் ராக்கெட்டுகளுக்கு அவை பாட்டன்மார்.

இந்தக் கதையில் நம் திண்டுக்கல்லுக்கும் ஓர் அத்தியாயம் உண்டு. 1755-இல் மைசூர் ராஜ்யம் ஹைதர் அலியைத் திண்டுக்கல்லுக்குப் பௌஜ்தாராக அனுப்பியது. பாளையக்காரர்களை அடக்குவதுதான் அவருக்கு இட்ட வேலை. எழுதப் படிக்கத் தெரியாத அந்த மனிதர் அதோடு நிற்கவில்லை. திருச்சி, ஸ்ரீரங்கம், புதுச்சேரி ஆகிய இடங்களிலிருந்து பிரெஞ்சுத் தொழிலாளிகளை வரவழைத்து, பீரங்கிக்கும் வெடிமருந்துக்கும் இங்கே ஒரு பட்டறை அமைத்தார். மலைக்கோட்டை மீது ஏறி நின்று சுற்றிலும் பரந்து கிடக்கும் செம்மண் வெளியைப் பார்க்கும்போதெல்லாம், பின்னாளில் கும்பெனியை நடுங்கவைத்த ஆயுத சாமர்த்தியத்துக்கு இங்கேதான் பிள்ளையார் சுழி போட்டார்கள் என்று எனக்குத் தோன்றும்.

வாணம் அதற்கு முன்பும் இருந்ததுதான். காகிதத்திலோ மூங்கிலிலோ செய்த கூட்டுக்குள் மருந்தை ஓரளவுக்கு மேல் கெட்டித்தால் கூடே வெடித்துவிடும். மைசூர்க் கொல்லர்கள் கூட்டை இரும்பில் செய்தார்கள். இரும்பு அழுத்தத்தைத் தாங்கியது. மருந்தை இறுக்கிக் கெட்டிக்க முடிந்தது. வாணம் ஆயிரம் கஜத்துக்கும் அப்பால் பாய்ந்தது. நேராகப் போவதற்காக நீண்ட மூங்கில் கழியைச் சேர்த்துக் கட்டினார்கள். சிலவற்றில் வாளையே கட்டினார்கள். குறி தப்பினாலும், சீறிக்கொண்டு வரும் நெருப்பைக் கண்டு குதிரைகள் மிரண்டன.

1780 செப்டம்பர் 10 அன்று, காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில், கர்னல் பெய்லியின் படை ஹைதரிடமும் திப்புவிடமும் சிக்கியது. குண்டும் வாணமும் பொழிந்தன. கும்பெனியாரின் வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தன. படை அழிந்தது, பெய்லி கைதியானார். இதைப் படித்து மார்தட்டிக் கொள்ளத் தோன்றும். ஆனால் பெய்லியின் கொடியின் கீழ் நின்று செத்தவர்களில் மிகப் பலர் நம் நாட்டுச் சிப்பாய்கள் என்பதையும் மறக்கக் கூடாது. வாணம் ஆளின் நிறம் பார்த்து விழுவதில்லை.

1799 மே 4-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. மிஞ்சிய வாணங்கள் இங்கிலாந்தில் ஊல்விச்சுக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கே வில்லியம் காங்கிரீவ் என்பவர் அளந்து, நிறுத்து, சோதனைமேல் சோதனை செய்து, கண்டதையெல்லாம் எழுதி அச்சிட்டார். 1806-இல் பூலோன் துறைமுகத்திலும், 1807-இல் கோபன்ஹேகனிலும், 1814-இல் அமெரிக்காவின் பால்டிமோரிலும் காங்கிரீவ் வாணங்கள் பாய்ந்தன.

நம்மிடம் மட்டும் அந்த வித்தை ஏன் நின்றுபோயிற்று? கொல்லனுக்குக் கை தெரியும். கணக்கை ஏட்டில் ஏற்றி வைப்பார் இல்லை. அரசு கவிழ்ந்ததும் பட்டறை அவிந்தது. பட்டறை அவிந்ததும் வித்தையும் அவிந்தது. 1963-இல் ராமேசுவரத்துப் பிள்ளையாண்டான் அப்துல் கலாம் அமெரிக்காவில் வாலப்ஸ் தீவுக்குப் பயிற்சிக்குப் போனபோது, அங்கே வரவேற்புக் கூடத்தில் திப்புவின் வாணப்படையைத் தீட்டிய படம் ஒன்று மாட்டியிருந்ததாம். நம் வீட்டுச் சங்கதியை அயலான் வீட்டுச் சுவரில் பார்க்க வேண்டியதாயிற்று. அதே ஆண்டு நவம்பர் 21-இல் தும்பாவிலிருந்து நம் நாட்டின் முதல் ஆராய்ச்சி ராக்கெட் கிளம்பியது. அதுவும் அமெரிக்காவில் செய்ததே.

ஆகவேதான் சிவமொக்காவின் சின்ன அருங்காட்சியகத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். எழுதி வைக்காத கொல்லனுக்கு அவன் செய்த பொருள்தான் சாட்சி. இரும்பை இழைத்துப் பூட்டுச் செய்து பேர் வாங்கிய ஊர் திண்டுக்கல். இன்று அந்தப் பட்டறைகளில் நரைத்த தலைகளே அதிகம். அவர்கள் கையில் இருக்கும் கணக்கையாவது, கை ஓய்வதற்குள் யாரேனும் எழுதி வைத்தால் நல்லது. எல்லாவற்றையும் கிணறு காப்பாற்றிக் கொடுக்கும் என்று நம்பியிருக்க முடியாது.